மிடி கோப்பைத் திறந்தால் முடங்குகிறதா? மியூஸ்ஸ்கோர் 3.6.2 ஒரு மதிப்பீடு

சமூக மன்றத்துப் பொங்கல் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் கீபோர்டில் வாசிப்பதை மிடியாகப் (ஒலியை அல்ல, எந்த ஸ்வரம் எப்போது அழுத்தப்பட்டது என்பதைப் பதியும் கோப்பு) பதிந்து, நோட்டேஷனாக அச்சிட்டுக் கொடுக்க விரும்பும் சிங்கப்பூர் இசை ஆசிரியர்களுக்கு மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருள் தாராளமாகப் போதும். காசும் கிடையாது. பதிவிறக்கம் மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் தளத்தில். டாட் காம் தளம் சந்தா கேட்கும், அங்கே போக வேண்டாம்.

2022 டிசம்பரில் 4.0 வந்தபோது, 3-ஆம் பதிப்பில் இருந்த மிடி இறக்குமதிப் பலகை (மிடியை நோட்டேஷனாக மாற்றும் விதத்தை அமைக்கும் இடம்) அதில் இல்லை. அந்தப் பலகைக்காகவே 2021-இல் வந்த 3.6.2-ஐ இன்றும் பரிந்துரைக்கிறேன். இரண்டு பதிப்பும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். 3-இல் சேமித்ததை 4 திறக்கும், 4-இல் சேமித்ததை 3 திறக்காது.

கோப்பைத் திறந்ததும் மென்பொருள் மூடிக்கொண்டால் உடனே அதைத் திட்டாதீர்கள். மியூஸ்ஸ்கோரிலேயே நாலே பார் நீளத்துக்கு ஏதாவது எழுதி, மிடியாக ஏற்றுமதி செய்து, அதையே திரும்பத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு உங்கள் கோப்பில். அதுவும் திறக்கவில்லை என்றால் 'ஹெல்ப்' பட்டியலில் 'ரிவர்ட் டு ஃபேக்டரி செட்டிங்ஸ்' கொடுங்கள். நீங்கள் மாற்றிவைத்த அமைப்புகள் போய்விடும், அதை நினைவில் வையுங்கள்.

கோளாறு கோப்பில்தான் என்றால் நோட்பேடில் திறந்து முதல் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். 'எம்டிஎச்டி' என்று இருக்க வேண்டும். அங்கே 'டாக்டைப்' என்று தெரிந்தால் கையில் இருப்பது மிடியே அல்ல, மிடி என்று பெயர் சூட்டிய இணையப் பக்கம். 'ரிஃப்' என்று தொடங்கினால் உள்ளே மிடி பத்திரமாக இருக்கிறது, மேலே ஓர் உறை, அவ்வளவுதான். ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பைப் பைட் பைட்டாகத் திருத்தும் மென்பொருள்) முதல் 20 பைட்டை வெட்டினால் சரியாகிவிடும். முதல் நான்கு எழுத்து சரி, ஆனாலும் திறக்கவில்லையா? ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் ஒவ்வொரு டிராக்கும் எஃப்எஃப் 2எஃப் 00 என்ற மூன்று பைட்டில் முடிய வேண்டும். பாதியில் நின்ற பதிவிறக்கத்தில் கடைசி டிராக்கில் அது இருக்காது. மறுபடி இறக்குவதே நல்லது. வழியில்லை என்றால் 60 நாள் இலவசமாகக் கிடைக்கும் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் திறந்து பாருங்கள். திறந்தால் டிராக்குகளில் பாதியை நீக்கி ஏற்றுமதி செய்து மியூஸ்ஸ்கோரில் சோதியுங்கள். எந்தப் பாதி முடங்குகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 16 டிராக் இருந்தாலும் நாலு சுற்றில் குற்றவாளி சிக்கிவிடும்.

திறந்த பிறகுதான் 3.6.2-இன் அருமை தெரியும். கீழே வரும் இறக்குமதிப் பலகையில் 'மேக்ஸ் குவான்டைசேஷன்' (ஸ்வரங்களைச் சீராக்கும் மிக நுண்ணிய அளவு) 16-இல் இருக்கட்டும். 'டப்லெட்ஸ்' குறியை எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் கை சற்றுப் பிசகிய இடமெல்லாம் திஸ்ரமாக (மூன்று மூன்றாக) அச்சாகும். திஸ்ர நடைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிராக் பெயர் தமிழில் இருந்து குப்பையாகத் தெரிந்தால், அதே பலகையில் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 ஆக்கி 'அப்ளை' அழுத்துங்கள்.

தாளக் குறி பதியாத மிடியை மென்பொருள் 4/4 என்றே எடுத்துக்கொள்ளும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு பாட்டு கோணலாக வருவது அதனால்தான். ரீப்பரில் 7/8 வைத்து ஏற்றுமதி செய்துவிட்டுத் திறங்கள். கமகத்துக்காகச் சக்கரத்தைத் திருப்பி வாசித்த பிட்ச் பெண்ட் மட்டும் தாளில் வராது, வெறும் ஸ்வரம்தான் நிற்கும். வளைவுகளைக் கையால்தான் போட வேண்டும்.