911-க்கு போன் செய்தால் பில் யாருக்கு? தீயணைப்புத் துறையின் மருத்துவ உதவிக்குப் பணம் திரட்டும் நான்கு வழிகள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பலரும் இதைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி என்று 911-க்கு போன் செய்தால், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நிற்கும். எங்கேயும் தீப்பிடிக்கவில்லையே என்று தோன்றும். ஆனால் தீயணைப்பு நிலையங்கள்தான் ஊர் முழுக்கப் பரவி இருக்கின்றன, சில நிமிடங்களில் வந்துவிட முடியும், வருபவர்கள் அவசர மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள், பல ஊர்களில் முழுப் பாராமெடிக்குகள், அதாவது வந்த இடத்திலேயே ஊசி மருந்து கொடுக்கும் அளவுக்கு உயர் பயிற்சி பெற்றவர்கள். இங்கே தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ அழைப்புகள்தான். உண்மையான தீ விபத்து நூற்றுக்கு நான்கு என்ற அளவில்தான் இருக்கிறது.

சரி, இதற்கெல்லாம் யார் பணம் கட்டுவது? போன் செய்தவருக்கே நேராக பில் போடுவது, வருடச் சந்தா வாங்குவது, சொத்து வரியில் சேர்ப்பது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மட்டும் வாங்குவது என்று நான்கு வழிகளில் ஊருக்கு ஊர் நடக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன் செய்தவரிடம் நேராக பில் நீட்டுவது இந்த நான்கில் மோசமானது, சொத்து வரி நல்லது, அது முடியாத ஊரில் இன்சூரன்ஸ் வழி.

கலிஃபோர்னியாவின் டிரேசி நகரம் 2010-இல் செய்ததை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் முதல் இரண்டு வழிகளும் அங்கே சேர்ந்தே வந்தன. வரவு செலவில் துண்டு விழுந்தது. மருத்துவ அவசரத்துக்கு 911 அழைத்துத் தீயணைப்புத் துறை வந்தால், ஊர்க்காரர் 300 டாலர், வெளியூர்க்காரர் 400 டாலர் கட்ட வேண்டும் என்று நகர சபை முடிவு செய்தது. வேண்டாமென்றால் வருடத்துக்கு 48 டாலர் சந்தா கட்டிவிடலாம், அப்புறம் எத்தனை தடவை அழைத்தாலும் இந்தக் கட்டணம் கிடையாது. செய்தி நாடு முழுக்கப் பரவியது, எதிர்ப்பும் வந்தது.

நகர சபையின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. கலிஃபோர்னியாவில் 1978-இல் வந்த 13-ஆம் எண் சட்டத் திருத்தம் சொத்து வரியைக் கட்டிப்போட்டுவிட்டது, நகர சபை ஒரு தனி வரி கொண்டுவர வேண்டுமென்றால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் வரி என்ற பெயரை விட்டுவிட்டுக் கட்டணம் என்ற பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். பயன்படுத்துபவர்தானே கட்ட வேண்டும் என்ற பேச்சும் காதுக்கு நியாயமாகவே படும்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு தீயணைப்பு நிலையத்தின் செலவில் பெரும்பகுதி நீங்கள் கூப்பிட்டதால் ஆவதல்ல. நீங்கள் கூப்பிடாத நாளிலும் 24 மணி நேரமும் ஆட்கள் அங்கே இருக்க வேண்டும், வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும், மருந்துப் பெட்டி நிரம்பியிருக்க வேண்டும். அந்தத் தயார்நிலையால் ஊரில் எல்லோருக்கும்தான் பயன். அதன் விலையை, அன்றைக்கு மாரடைப்பு வந்த ஒருவரின் தலையில் மட்டும் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர், ஒரு ராத்திரி முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். மகனை எழுப்பவில்லை. காலையில் கேட்டால், “இங்கெல்லாம் வண்டி வந்தாலே ஆயிரக்கணக்கில் ஆகும்னு சொன்னாங்க, உனக்கு எதுக்குப்பா செலவு” என்றார். மாரடைப்புதான். பிழைத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் 2008-இலிருந்து 108-ஐ அழைத்தால் காசு கிடையாது, அங்கேயிருந்து வந்த மனிதரையே இங்கே காதில் விழுந்த பேச்சு அந்த அளவுக்குப் பயமுறுத்திவிட்டது. இதயம் நின்றுபோன ஒருவருக்கு உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்த நேரத்தில் ‘300 டாலரா’ என்று ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும் எந்த ஏற்பாடும் எனக்கு உடன்பாடில்லை.

சந்தா முறை இதைவிடப் பரவாயில்லை. 48 டாலர் என்றால் மாதம் நான்கு டாலர். கட்டியவர் தயங்காமல் போனை எடுப்பார். ஆனால் யார் கட்டுவார்? ஊர் விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருப்பவர், வீட்டுக்காரர், ஏற்கனவே ஓரளவு வசதியாக இருப்பவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகை வீடு மாறுபவருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, 300 டாலர் பில் வரும்போதுதான் தெரியும். அதோடு, தீயணைப்பு வண்டி வந்ததற்கான கட்டணத்தைத்தான் இந்தச் சந்தா தீர்க்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது தனியார் ஆம்புலன்ஸாக இருக்கும் ஊர்களில் அந்த பில் தனியாக வரும்.

சந்தா முறை முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை டென்னசி மாநிலத்தின் சவுத் ஃபுல்டன் 2010-இல் காட்டியது. அது மருத்துவம் அல்ல, தீதான். ஊர் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு குடும்பம் வருடச் சந்தா 75 டாலரைக் கட்டியிருக்கவில்லை. இப்போதே பணம் தருகிறோம் என்று சொல்லியும் வீரர்கள் தொடவில்லை. சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு, வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரேசி போன்ற ஊர்களில் சந்தா இல்லை என்று யாரையும் கைவிட மாட்டார்கள், பில்தான் பின்னால் வரும். அந்த வித்தியாசம் பெரியது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மூன்றாவது வழியான சொத்து வரிக்கு வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட், நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடம். 1970-இல் சியாட்டில் தீயணைப்புத் துறையும் மருத்துவர்களும் சேர்ந்து மெடிக் ஒன் என்ற பாராமெடிக் சேவையைத் தொடங்கினார்கள். 1979-இலிருந்து கவுண்டி முழுவதும் இதற்கென்றே ஒரு சொத்து வரி, மக்கள் ஓட்டுப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். 2019-இல் ஒத்துக்கொண்ட விகிதம், மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 26.5 சென்ட். அந்த விகிதத்தில் 8 லட்சம் டாலர் வீடு என்றால் வருடம் 212 டாலர்.

48 எங்கே, 212 எங்கே என்று கேட்பீர்கள். ஆனால் இரண்டையும் நேராக வைத்து ஒப்பிட முடியாது. டிரேசியின் 48 டாலர், பட்ஜெட்டில் இருந்த ஓட்டையை அடைப்பதற்கு மட்டும், மிச்சச் செலவை நகரத்தின் பொது வரிப் பணம் சுமந்துகொண்டிருந்தது. கிங் கவுண்டியில் அந்த வரிதான் பாராமெடிக் சேவையின் முதுகெலும்பு. அதற்குக் கிடைத்த பலன், இதயம் நின்று மீட்கப்படுபவர்களின் விகிதத்தில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் இடங்களில் அது ஒன்று. வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாகக் கொஞ்சம் கட்டிவிடுகிறார், கட்ட மறந்தவர் என்று யாரும் இல்லை. குறை இல்லாமல் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஓட்டுக்குப் போக வேண்டும், மக்கள் ஒருமுறை வேண்டாம் என்றால் நிலைமை சிக்கல். வீட்டு மதிப்பு ஏறியும் வருமானம் ஏறாத ஓய்வுபெற்றவர்களுக்கு இது சுமைதான்.

நான்காவது வழி மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி. 2010-இல் ஆம்புலன்ஸ் கட்டணம் கொண்டுவந்தார்கள், தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் ‘மக்கள் 911 அழைக்கப் பயப்படுவார்கள்’ என்று பிரச்சாரம் செய்தார்கள், அந்த நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். 2012-இல் சபை மறுபடியும் நிறைவேற்றி, 2013-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கவுண்டிக்காரருக்கு பில் வராது. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார்கள், கோபே, டிடக்டிபிள் என்று இன்சூரன்ஸ் போக உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கெல்லாம் நீங்கள் கட்டும் வரியிலேயே தீர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள், இன்சூரன்ஸே இல்லையென்றாலும் கேட்க மாட்டார்கள்.

இதில் ஒரு பலமான நியாயம் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் சேர்த்துத்தானே நாம் மாதாமாதம் பிரீமியம் கட்டுகிறோம்? எல்லாச் செலவையும் வரியிலேயே பார்த்துக்கொண்டால் அந்தப் பணம் கம்பெனியிடமே தங்கிவிடும். ஆனால் நோயாளியை ஏற்றிப்போனால்தான் மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பொதுவாகப் பணம் தரும். தீயணைப்பு வண்டி வந்து பார்த்து, ஊசி போட்டு, சரியாகிவிட்டது என்று திரும்பினால் அதற்குக் காசு கிடைக்காது. ஆம்புலன்ஸையும் தீயணைப்புத் துறையே ஓட்டும் ஊர்களுக்குத்தான் இந்த வழி சரிப்படும். வெளியூர்க்காரருக்கு இந்தச் சலுகையும் இல்லை.

2022-இல் அமலான, இன்சூரன்ஸ் இருந்தும் வரும் எதிர்பாராத பில்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸைச் சேர்த்துக்கொண்டது, தரையில் ஓடும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. கலிஃபோர்னியா 2024-இலிருந்து அந்த ஓட்டையைத் தன் மாநிலத்தில் ஓரளவு அடைத்திருக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரில் எந்த முறை என்று நகரத்தின் தீயணைப்புத் துறையிடம் கேட்டுப் பாருங்கள். சந்தா முறை என்றால் இன்றைக்கே கட்டிவிடுங்கள், முறை பிடிக்கவில்லை என்றாலும் கட்டிவிட்டு, நகர சபைக் கூட்டத்தில் போய்ப் பேசுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களின் விசிட்டர் இன்சூரன்ஸில் ஆம்புலன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்த முதல் நாளே, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் என்னை எழுப்புங்கள், செலவைப் பற்றி நினைக்கவே கூடாது என்று உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.