ரயிலுக்கு யார் பணம் தருவது: ஹாங்காங் வழியா, லண்டன் வழியா?

ரயில் நிலையம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். அந்த லாபத்தை ரயிலுக்கே திருப்ப இரு நகரங்கள் இரு வழிகளைப் பிடித்தன.

ஹாங்காங்கில் நிலம் அரசுடையது. ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பையே விலையாகக் கணக்கிட்டு, நிலையத்தை ஒட்டிய கட்டட உரிமையை எம்டிஆர் என்ற ரயில் நிறுவனத்துக்கு அரசு தருகிறது. தனியார் கட்டுநர்கள் செலவை ஏற்றுக் கட்டுகிறார்கள். லாபத்தில் எம்டிஆருக்குப் பங்கு. கவுலூன் பே பகுதியில் ரயில் பணிமனையின் கூரைமேலேயே டெல்ஃபோர்டு கார்டன்ஸ் குடியிருப்பு நிற்கிறது. கீழே பெட்டிகள் பழுதுபார்க்கப்படுகின்றன, மேலே குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கு குடியிருப்பவர்களே அன்றாடப் பயணிகளும் என்பதுதான் இந்த முறையின் உண்மையான பலம்.

லண்டனில் நிலம் பலர் கையில் இருக்கிறது. எலிசபெத் தடம் என்ற புதிய ரயில் பாதைக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் வரிமதிப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 2 பென்ஸ் கூடுதல் வரி. 2012 முதல் புதுக் கட்டுமானங்களுக்கும் தனிக் கட்டணம். தடம் திறந்தது 2022-இல். பத்தாண்டுக்கு மேல் ரயிலைப் பார்க்காமலே பணம் கட்டியவர்கள் பலர். நிலையத்துக்குத் தொலைவில் இருந்தவர்களும் கட்டினார்கள்.

ஹாங்காங் முறையில் வருமானம் அதிகம், ஆனால் வீட்டுச் சந்தை சரிந்தால் ரயிலின் வரவும் சரியும். வீட்டு விலை உயர்ந்தே இருப்பதில் ரயில் நிறுவனத்துக்கும் அக்கறை வந்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது. நிலம் தனியாரிடம் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு லண்டன் வழியே பொருந்தும். அதிலும் நிலையத்துக்கு அருகில் உள்ளவரிடம் கூடுதலாக வாங்கினால்தான் நியாயம்.