டெங்குவும் சிக்குன்குனியாவும்: உடம்பு உணரும் வேறுபாடு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தஞ்சை, திருவாரூர் பக்கத்து வீடுகளில் கொட்டாங்கச்சியிலும் மூடாத தொட்டியிலும் தேங்கும் தெளிந்த நீரில் ஏடிஸ் கொசு பெருகிவிடும். பலரும் பழி சுமத்தும் வயல் நீருக்கு இதில் பங்கில்லை. இரண்டு காய்ச்சலையும் பரப்புவது இந்த ஒரே கொசுதான்.

டெங்குவில் கண்ணுக்குப் பின்னால் குத்தும் வலியும், எலும்பு முறிந்ததைப் போன்ற உடல்வலியும், வாய்க்கசப்பும் சேர்ந்து வருகின்றன. ஆனால் அதன் வஞ்சகம், காய்ச்சல் தணியும் நாளில்தான் இருக்கிறது: மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடம்பு குளிர, வீட்டார் நிம்மதி அடையும் அந்த வேளையில், இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியக்கூடும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிக்குன்குனியா அரிதாகவே உயிரைப் பறிக்கிறது. எனினும் மணிக்கட்டையும் கணுக்காலையும் அது முடக்கும் விதம் கொடியது. ‘வளைந்து போவது’ என்ற பொருளுடைய ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்ததற்கு, குனிந்தே நடக்கும் நோயாளியே சான்று. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டாலும் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதால், நாற்று நட்டுக் கூலி பெறும் பெண்களுக்கு இதுவே பெரிய இழப்பு என்பது என் கணிப்பு.

எது என்று இரத்தப் பரிசோதனையில் உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைத் தொடக்கூடாது. ஆஸ்பிரின், டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.