ரசமா, அரிசிம்பருப்பா, அரிசி உப்புமாவா?

‘ராத்திரிக்குச் சுலபமா ஏதாவது சொல்லுங்க’ என்று கேட்டால், பதில் ஊரைப் பொறுத்து மாறும். கோவை, ஈரோடு பக்கம் என்றால் யோசிக்காமல் அரிசிம்பருப்பு என்பார்கள். தஞ்சாவூர்க்காரர் அரிசி உப்புமாவைச் சொல்வார். ரசம் சாதத்துக்கு ஊர் கிடையாது, எல்லோரும் சொல்வார்கள். மூன்றுக்குமே கடைக்கு ஓட வேண்டியதில்லை. அரிசி, துவரம்பருப்பு, ஜீரகம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் என்று வீட்டில் எப்போதும் இருப்பவற்றை வைத்தே முடித்துவிடலாம்.

நேரத்தை வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் தேறாது. கொஞ்சம் முன்னே பின்னே, மூன்றுமே அரை மணி நேர வேலைதான். நான் பார்ப்பது வேறு. கை தவறினால் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும்? வயிற்றுக்கு எப்படி இருக்கும்? அப்புறம், வெளியூரில் இருக்கும் தம்பிக்கோ மகளுக்கோ சொல்லிக் கொடுத்தால் அங்கேயும் அதே ருசி வருமா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. செய்ய எளிதாக இருப்பது சொல்லிக் கொடுக்கவும் எளிதாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ரசம் அந்த நினைப்பை நன்றாகவே கெடுத்துவிடும்.

முதலில் அரிசிம்பருப்பு. கொங்கு நாட்டில் விருந்தாளி சொல்லாமல் வந்து நின்றாலும் இதுதான், யாரும் இல்லாத வீட்டில் ஒருத்தி தனக்கென்று வைத்துக்கொள்வதும் இதுதான். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் ஒன்றாகக் கழுவி இருபது நிமிடம் ஊறப் போட்டுவிட்டு, சின்ன வெங்காயம் உரிக்க உட்காரலாம். பத்துப் பன்னிரண்டு வெங்காயம், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு தக்காளி போதும். குக்கரில் கடலை எண்ணெய் காய்ந்ததும் கடுகு, ஜீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. வெங்காயமும் பூண்டும் நிறம் மாறியதும் தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. அதில் மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் ஊறியதைப் போட்டு மூடினால் நம் வேலை முடிந்தது. சிலர் மல்லியும் மிளகும் தேங்காயும் அரைத்து ஊற்றுவார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு. அலுத்து வந்த இரவில் மிக்ஸி கழுவ யாருக்கு மனசு வரும்?

குக்கரைத் திறந்தவுடன் வெங்காயமும் கறிவேப்பிலையும் மேலே ஒதுங்கி நிற்கும். சாதம் தளர்வாகத் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பயந்து மறுபடி அடுப்பை மூட்டுகிறார்கள். தேவையில்லை. ஒரு கரண்டி நெய் விட்டு அடியோடு கிளறி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் தானாக இறுகிவிடும். தட்டில் போடும்போது இன்னும் கொஞ்சம் நெய், பக்கத்தில் தயிர், சுட்ட அப்பளம். தண்ணீர் நிஜமாகவே கூடிப்போனாலும் குழைந்த சாதம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். குறைந்தால் வெந்நீர் விட்டுக் கிளறலாம். காரம் ஏறிவிட்டால் தயிர் இருக்கவே இருக்கிறது. பொறுமை விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்திலேயே வர முடியாது.

சொல்லிக் கொடுக்கவும் இதைவிட லேசானது கிடையாது. ஒன்றுக்குக் கால், தண்ணீர் மூன்றரை. ஒரே வரிதான். டம்ளர் சின்னதா பெரியதா என்ற கேள்வி எழாது, ஏனென்றால் எல்லாவற்றையும் அதே டம்ளரால்தான் அளக்கிறோம். பழைய அரிசி என்றால் அரை டம்ளர் தண்ணீர் கூடக் கேட்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: விசில். ‘மூன்று விசில்’ என்று எழுதி அனுப்புவது அளவே இல்லை. மூன்று லிட்டர் குக்கரில், பெரிய தீயில் மூன்று விசில் வருவதற்கும், ஐந்து லிட்டர் குக்கரில் சிறு தீயில் வருவதற்கும் நடுவே பல நிமிட வித்தியாசம் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் கணக்கே வேறு. ‘முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஏழு நிமிடம், பிறகு பிரஷர் தானாக அடங்கட்டும்’ என்று எழுதினால் எந்த ஊர் அடுப்பிலும் சரியாக வரும்.

ரசம் சாதம் இதற்கு நேர் எதிர். செய்யத் தெரிந்தவருக்கு இதைவிட எளிதான சமையல் கிடையாது. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, பிசைந்த தக்காளி, மஞ்சள்தூள், உப்போடு பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். மிளகும் ஜீரகமும் சம அளவில் எடுத்து, பூண்டோடு சேர்த்து நசுக்கிப் போட்டு, தண்ணீர் விளாவி, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டால் ஆயிற்று. பக்கத்து அடுப்பில் சாதம் வெந்துவிடும்.

ஆறுதல் என்று பார்த்தால் ரசத்துக்குத்தான் முதல் இடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காய்ச்சல், சளி, அஜீரணம், கல்யாண வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டு வந்த வயிறு, எல்லாவற்றுக்கும் குழைந்த சாதத்தில் ஊற்றிப் பிசைந்த மிளகு ரசம்தான் கேட்கும். மிளகாயும் தக்காளியும் போர்ச்சுகீசியர் கப்பல்கள் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை. அதற்கு முன்னால் இந்தச் சமையலறைகளில் காரத்துக்குப் பெரும்பாலும் மிளகுதான். உடம்பு சரியில்லாதபோது இன்றைக்கும் மிளகாயை ஒதுக்கிவிட்டு மிளகைத் தேடுகிறோம்.

ஆனால் இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். புனேயில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு போன் செய்தான்.

‘அத்தை, நுரை வந்துடுச்சு. இறக்கிடவா?’

‘ஓரத்துல மட்டும் வந்திருக்கா, நடுவுலயும் வந்துடுச்சாடா?’

‘ஓரத்துலதான். ஆனா நடுவுல ஏதோ அசையுது.’

‘இன்னும் கொஞ்சம் பொறு. நுரை நடுவுல கூடி மேலே எழும்பும், அப்ப அணைச்சிடு. தளதளன்னு கொதிக்க விட்டுடாதே.’

‘எழும்பறதுன்னா எவ்வளவு அத்தை?’

இதற்கு என்ன பதில் சொல்வது? டம்ளர் கணக்கு இங்கே செல்லாது. புளி புதுசா பழசா, தக்காளி நாட்டுத் தக்காளியா பெங்களூர்த் தக்காளியா என்பதைப் பொறுத்துப் புளிப்பே மாறிவிடும். மிளகு, ஜீரகம், பெருங்காயத்தின் வாசனை ஆவியோடு பறந்துவிடக்கூடியது. அதனால்தான் பொடி போட்ட பிறகு கொதிக்கவிட்ட ரசம், தெருவெல்லாம் மணத்துவிட்டுத் தட்டில் சப்பென்று இருக்கும். மூக்கும் கண்ணும் பழக வேண்டிய சமையலை எழுத்தில் அனுப்புவது வீண் வேலை. வாட்ஸாப்பில் நீளமாகக் குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டு, நுரை எழும்பும் அந்தப் பதினைந்து விநாடியை வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். பேச்சே வேண்டாம். அவனுக்கும் அப்படித்தான் பிடிபட்டது. சமையல் வீடியோக்களில் பத்து நிமிடம் வெங்காயம் நறுக்குவதைக் காட்டிவிட்டு இந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

வெண்பொங்கலை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சட்னியோ சாம்பாரோ இல்லாமல் அது இறங்காது. அந்த வேலையையும் சேர்த்தால் சுலபம் என்ற பேச்சு அடிபட்டுப்போகும். தயிர் சாதத்தை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

அரிசி உப்புமாவில் வேலை முழுக்க முந்தியே முடிந்துவிடும். அடுப்படியில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஒரு டம்ளர் பச்சரிசியைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, இரண்டு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் ஜீரகத்தோடு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி ரவையாக உடைக்க வேண்டும். உடைக்கும்போது மாவாகிவிட்டால் உப்புமா களியாகிவிடும். ஆகவே ஒரு முறை சலித்து மாவை எடுத்துவிடுவது நல்லது. அந்த மாவு வீணாகாது, தோசை மாவில் கரைத்துக்கொள்ளலாம். பிறகு தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டரை டம்ளர் தண்ணீரும் உப்பும் தேங்காய்த் துருவலும் போட்டுக் கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, தீயை ஒடுக்கி மூடிவிட வேண்டும். கால் மணி நேரம் வேகட்டும், பத்து நிமிடம் அப்படியே மூடிக் கிடக்கட்டும். தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் கொத்சு இருந்தால் விசேஷம், இல்லையென்றால் கொஞ்சம் வெல்லம்.

அரிசிம்பருப்பு அளவுக்கு இது பொறுமைசாலி கிடையாது. தண்ணீர் குறைந்தால் நறுக் நறுக்கென்று பல்லில் படும், அப்புறம் தெளித்துச் சரிக்கட்டுவது கஷ்டம். தண்ணீர் கூடினால் ஒரு வழி இருக்கிறது: உருண்டை பிடித்து இட்லித் தட்டில் ஆவி காட்டிப் பிடி கொழுக்கட்டை என்று பரிமாறிவிடலாம். யாருக்கும் தெரியாது.

இதை அடுத்தவருக்குக் கொடுக்க எழுத்தும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். ரவையையே கொடுத்துவிடலாம். உடைத்ததை ஈரமில்லாமல் இன்னும் கொஞ்சம் உலர்த்தி டப்பாவில் அடைத்தால் சில வாரம் தாங்கும். விடுமுறைக்கு வந்து திரும்புகிற பிள்ளைகளின் பையில் ஊறுகாய் பாட்டிலோடு இதையும் வைத்து, ‘ஒன்றுக்கு இரண்டரை, சிறு தீ, நடுவில் திறக்காதே’ என்று மூடியில் ஒட்டிவிட்டால் போதும். ஹாஸ்டலில் மிக்ஸி இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

காந்தல் மட்டும் அந்த டப்பாவில் போகாது. அடியில் பிடித்த அந்தப் பொன்னிற ஏட்டுக்காகத்தான் பாதிப் பேர் அரிசி உப்புமா சாப்பிடுகிறார்கள், எங்கள் வீட்டில் அதற்குச் சண்டையே நடக்கும். நான்ஸ்டிக் சட்டியில் அது சரியாக வராது. வெண்கலப் பானையோ கனமான இரும்புச் சட்டியோ வேண்டும். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓரத்தைச் சுற்றி இன்னொரு ஸ்பூன் எண்ணெய் விட வேண்டும்.