கடை மூடும் நாளுக்கா, காய்ச்சல் வரும் நாளுக்கா?

புதிதாக ஒரு தொற்று பரவுகிறது என்று செய்தி வந்ததும் வீடுகளில் இரண்டு விதமான தயாரிப்பு நடக்கும். கடை மூடிவிடுமோ என்று சாமான் வாங்கிக் குவிப்பது ஒன்று. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைப்பது இன்னொன்று. பெரும்பாலோர் காசையும் தெம்பையும் முதலாவதிலேயே தீர்த்துவிடுகிறார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு.

2020 மார்ச்சில் பல நாடுகளில் டாய்லெட் பேப்பர் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. மூச்சு மண்டலத்தைத் தாக்கும் நோய்க்கு அதில் என்ன வேலையோ! உலக சுகாதார நிறுவனம் கோவிட்டை சர்வதேச அவசரநிலையாக அறிவித்தது அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று. பெருந்தொற்று என்று சொன்னது மார்ச் 11 அன்று. இடையில் கிட்டத்தட்ட ஆறு வாரம். வழக்கமாக வாங்கும்போதே கொஞ்சம் கூடுதலாக எடுத்து வந்திருந்தால் யாரும் கடைசி நேரக் கூட்டத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை. மொத்தமாக வாங்குவதைவிடச் சிறுகச் சேர்ப்பது இதனால்தான் மேல்: கூட்டத்தில் இடிபட வேண்டாம், வீணாவதும் குறைவு.

எவ்வளவு சேர்ப்பது? கோவிட் தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம் என்பதால்தான் ஆரம்பத்தில் தனிமைப்படுத்தலையும் 14 நாளாக வைத்தார்கள். இரண்டு வாரம் யாரும் வெளியே போகாமல் ஓட்ட முடிந்தால் போதும். தினமும் சாப்பிடும் மாத்திரைகள் மட்டும் ஒரு மாதத்துக்கு இருக்கட்டும்.

இனி, காய்ச்சல் வரும் நாள். முதலில் அறை. ஜன்னல் இல்லாத பெரிய அறையா, ஜன்னல் உள்ள சின்ன அறையா என்றால் யோசிக்காமல் சின்ன அறையை ஒதுக்குங்கள். கிருமி காற்றில் தங்குகிறது என்றால், அதை வெளியே தள்ளச் செலவில்லாத வழி ஜன்னல்தான். கவனித்துக்கொள்ள ஒரே ஒருவர் போனால் போதும்.

அவருக்கு எந்த மாஸ்க்? துணி மாஸ்க் இல்லாததற்குப் பரவாயில்லை. சர்ஜிகல் மாஸ்க் அதைவிட நல்லது, ஆனால் கன்னத்தோரம் இடைவெளி விடும். என்-95 ரகம் மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும், முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால். மூக்கின் மேல் உள்ள கம்பியை இரு கை விரலாலும் அழுத்திவிட்டு மூச்சு விடுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் ஓரத்தில் கசிகிறது. தாடி இருந்தால் இந்த ரகமும் ஒட்டாது. துவைத்தால் அதன் இழைகளில் துகளை இழுத்துப் பிடிக்கும் மின்னூட்டம் போய்விடும். விலை கட்டுப்படியாகாவிட்டால் நோயாளியின் அறைக்குள் போகும் நேரத்துக்கு மட்டுமாவது இதை வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டரா, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரா? தெர்மாமீட்டர் எல்லாக் காலத்துக்கும் ஆகும், எனவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதுவே. ஆனால் கோவிட்டில் சிலருக்கு மூச்சுத்திணறல் தெரிவதற்கு முன்பே ஆக்சிஜன் இறங்கியது. நுரையீரலைத் தாக்கும் நோய் என்றால் ஆக்சிமீட்டரும் அவசியம். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். அதனால் ஒருமுறை வந்த எண்ணை நம்பாமல், நலமாக இருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் வழக்கமாக எவ்வளவு வருகிறது என்று குறித்து வையுங்கள். அதிலிருந்து இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. 90-க்குக் கீழே வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சுவிடச் சிரமப்பட்டால் அப்போதும் கிளம்புங்கள்.

சோப்பா, சானிடைசரா என்ற சண்டை வீட்டுக்குள் தேவையில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில் சோப்பு, 20 விநாடி. வெளியே போகும்போது 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர். பிளீச்சையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் மட்டும் கலந்துவிடாதீர்கள், வருவது விஷவாயு.

அப்புறம் ஒன்று. வீட்டையே சுமக்கும் ஆள்தான் முதலில் படுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த மாத்திரை எப்போது, மருத்துவர் எண் எது, எந்தக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தால் ஆபத்து. ஒரு தாளில் எழுதி, எல்லோரும் பார்க்கும் சுவரில் இப்போதே ஒட்டிவிடுங்கள்.