ஸ்பார்க் பிளக் பக்கம் ஆயில் தெரிந்தால் உடனே இஞ்சினைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். எனக்குப் போனது 38,500 ரூபாய்.

கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில் நிற்பது அப்பச்சி ஓட்டிய வண்டி. பழைய 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். போன மாசி மாதம் பார்த்தால் பிளக்கைச் சுற்றி ஆயில் தேங்கி, வயர் தொப்பியெல்லாம் வழவழவென்று இருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டைத் திறந்து அரை நிமிஷம் பார்த்தார். "ரிங் போச்சுண்ணே, போர் அடிக்கணும்." அதாவது பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, இஞ்சினைப் பிரித்து சிலிண்டரைக் குடைய வேண்டும் என்றார். சிலிண்டர் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) அளந்து பார்க்கவில்லை, ஒரு பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. நானும் தலையாட்டினேன், அது என் தப்பு.

20 நாளில் இஞ்சினுக்குப் புதுப் பெயிண்டோடு வண்டி வந்தது. பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதற்குள் அதே இடத்தில் அதே ஆயில்.

அப்புறம்தான் தேவகோட்டையில் தொழிலை விட்டு ஓய்ந்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். நாலு பிளக்கையும் கழற்றித் திண்ணையில் வரிசையாக வைத்தார். முனைகள் காய்ந்து செங்கல்பொடி நிறத்தில் இருந்தன. மேலே பீங்கானில் மட்டும் ஆயில். "ரிங்கோ வால்வு கைடோ போயிருந்தா முனைதான் கறுத்து ஈரமா இருக்கும் தம்பி. இது வெளியிலேருந்து இறங்குனது." இஞ்சின் பக்கவாட்டைத் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிட்டார். இஞ்சின் உச்சியை மூடியிருக்கும் தகர மூடியான டேப்பட் கவர் விளிம்பிலிருந்து வெள்ளைப் பவுடரில் இரண்டு கோடு இறங்கி, நேராகப் பிளக்கில் போய் நின்றது.

அந்தக் கவரைப் பிடித்திருப்பது இரண்டே நட்டு. கழற்றினால் கார்க் பேக்கிங் அப்பளமாக நொறுங்கியது. வெளி ஓரத்தில் மட்டும் சிலிக்கான் பூசியிருந்தார்கள். கவரை எடுக்காமல், சிலிண்டர்களுக்கு மேல் உள்ள ஹெட்டைத் தூக்கவே முடியாது; ஹெட்டைத் தூக்காமல் போர் அடிக்கவும் முடியாது. பெரியவர் ஹெட் நட்டுகளையும் சுரண்டிப் பார்த்தார். புதுப் பெயிண்டுக்கு அடியில் பல வருஷத்து அழுக்கு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை.

புது கார்க் போட்டு அளவாக முடுக்கினார். ஒழுக்கு நிற்கட்டும் என்று முறுக்கினால் தகரக் கவர் வளைந்து மறுபடி ஒழுகுமாம். கூலியோடு 600 ரூபாய். இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

இஞ்சின் வேலைக்கு விட்டால் பழைய பிஸ்டனும் ரிங்கும் கைக்கு வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் பிறகு போய்க் கேட்டேன். "அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிருச்சுண்ணே" என்றார். சரி, எந்த லேத்தில் போர் அடித்தீர்கள் என்றேன். போன் வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.