ரேஸ் டிடெக்டர்: எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்?

கன்கரன்சி (பல வேலைகளை ஒரே காலத்தில் ஓட்டுவது) படிக்கிறவர்களுக்கு மியூட்டெக்ஸ் (பூட்டு), சேனல் (வேலைகளுக்கு இடையே தகவல் கடத்தும் குழாய்), அட்டாமிக் (நடுவில் யாரும் புக முடியாத செயல்) எல்லாவற்றையும் சொல்லித்தரப் பாடங்கள் ஏராளம். எழுதிய நிரல் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லும் கருவிகள்தான் குறைவு. தப்பான நிரலும் பெரும்பாலான நேரம் சரியான விடையையே தந்துவிடுவதுதான் இதில் உள்ள தொல்லை. கோ நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ரேஸ் டிடெக்டர் இந்த இடத்தில்தான் உதவுகிறது. இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒழுங்கில்லாமல் தொடும் பிழைதான் டேட்டா ரேஸ், சுருக்கமாக ரேஸ். 2013-இல் வந்த கோ 1.1 முதல் இது இருக்கிறது. உள்ளே வேலை செய்வது, சி++ எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான த்ரெட்சானிடைசர் என்ற பிழை தேடும் கருவி.

தனியாக நிறுவ வேண்டியதில்லை. கோ ரன், கோ பில்ட், கோ டெஸ்ட் எதுவானாலும் பின்னால் -ரேஸ் என்று சேர்த்தால் போதும். ஆனால் லினக்ஸ் போன்ற, மேக் அல்லாத தளங்களில் சிகோ (கோவிலிருந்து சி நிரலை அழைக்கும் வசதி) இயக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு சி கம்பைலர் தேவை. ஜிசிசி போன்ற சி கம்பைலர் இல்லாத மெலிந்த கன்டெய்னர் இமேஜில் ஓட்டினால், சிகோ தேவை என்று சொல்லி நின்றுவிடும். மேக்கில் 1.20 பதிப்பிலிருந்து இந்தத் தேவை இல்லை.

முதல் சோதனைக்கு ஆயிரம் கோருட்டீன்களை (கோ மொழியில் ஒரே காலத்தில் ஓடும் இலகுவான வேலைகள்) எழுப்பி, ஒரே கவுன்டரை ஒவ்வொன்றும் ஒன்று கூட்டும்படி எழுதுங்கள். கூட்டல் ஒரே வரிதான், ஆனால் உள்ளே மூன்று வேலை: படிப்பது, கூட்டுவது, திருப்பி எழுதுவது. நடுவில் இன்னொருவர் புகுந்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும். கோமேக்ஸ்ப்ராக்ஸை (ஒரே நேரத்தில் எத்தனை சிபியுவில் ஓடலாம் என்ற அமைப்பு) 1 ஆக்கி ஓட்டினால் விடை ஒழுங்காக 1000 என்றே வரலாம். அப்போதும் டிடெக்டர் எச்சரிக்கும். விடை சரியா என்பது அதற்குக் கணக்கே இல்லை. இரண்டு கோருட்டீன்கள் ஒரே நினைவக இடத்தைத் தொட்டனவா, அவற்றில் ஒன்றாவது எழுதியதா, இரண்டுக்கும் இடையே முன்-பின் உறவை ஏற்படுத்தும் பூட்டோ சேனலோ இருந்ததா என்பதைத்தான் அது பார்க்கிறது. அதனால்தான் டைம் ஸ்லீப் போட்டு ஏமாற்ற முடியாது. ஐந்து விநாடி தூங்கினாலும் அது ஒத்திசைவு ஆகாது. எச்சரிக்கை வந்தே தீரும். கற்பவருக்கு இந்தக் கருவி தரும் மிகப் பெரிய பாடம் இதுவே.

அறிக்கையைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மேலே ஒரு ஸ்டாக் ட்ரேஸ், அதாவது அந்த வரிவரை வந்த அழைப்புகளின் பட்டியல் (இப்போதைய தொடுதல்), அதன் கீழே இன்னொன்று (முந்தைய தொடுதல்), கடைசியில் அந்தக் கோருட்டீன்கள் பிறந்த வரிகள். மேலே உள்ள வரியில் மட்டும் பூட்டைப் போட்டுவிட்டு, எச்சரிக்கை போகவில்லையே என்று முழிப்பது வழக்கம். இரண்டு இடமும் அதே பூட்டைப் பிடிக்க வேண்டும். படிக்கிற பக்கத்துக்கும் விலக்கு இல்லை. எழுதும்போது அட்டாமிக், படிக்கும்போது சாதாரண மாறி என்று கலந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். 1.19-இல் வந்த அட்டாமிக் இன்ட்64 வகையைப் பயன்படுத்தினால் இந்தக் கலப்புக்கே வழியிருக்காது.

அறிக்கைகள் மழையாகக் கொட்டினால் கோரேஸ் சூழல் மாறியில் ஹால்ட்_ஆன்_எரர்=1 வையுங்கள்; முதல் பிழையோடு நிற்கும். முந்தைய தொடுதலின் ஸ்டாக்கை மீட்க முடியவில்லை என்று வந்தால் ஹிஸ்டரி_சைஸ் எண்ணைக் கூட்டுங்கள். இயல்பு மதிப்பு 1. ஒவ்வொரு படி கூட்டும்போதும் நினைவில் வைக்கும் வரலாறு இரட்டிப்பாகும், நினைவகச் செலவும் சேர்ந்தே ஏறும்.

செலவும் லேசானதல்ல. நினைவகம் 5 முதல் 10 மடங்கு, நேரம் 2 முதல் 20 மடங்கு என்பது அதிகாரபூர்வக் கணக்கு. முன்பு ஒரே நேரத்தில் 8128 கோருட்டீன்களுக்கு மேல் உயிரோடு இருந்தால் நிரலே செத்துவிடும், 1.19 முதல் பெரும்பாலான தளங்களில் அந்த வரம்பு போய்விட்டது, வேகமும் கூடியது. இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு டிஃபர் (ஃபங்ஷன் முடியும்போது ஓடும்படி ஒத்திவைப்பது) அழைப்புக்கும் கூடுதலாக 8 பைட் ஒதுக்கப்படும், அந்தக் கோருட்டீன் முடியும்வரை அது திரும்பாது. ஓயாமல் ஓடும் ஒரே கோருட்டீன் சுழற்சிக்குள் டிஃபர் வைத்து அழைத்துக்கொண்டிருந்தால் நினைவகம் ஏறிக்கொண்டே போகும். புரொஃபைலில் (நினைவகச் செலவைக் காட்டும் அறிக்கையில்) பார்த்தாலும் தெரியாது. ஆகவே சர்வர்கள் எல்லாவற்றிலும் இதைப் போட வேண்டாம். பலவற்றில் ஒன்றில் போட்டு உண்மையான போக்குவரத்தை அனுப்பினால் போதும்.

இனி கோட்டைவிடும் இடங்கள். ஓடாத வரியை இது பார்ப்பதே இல்லை. டெஸ்ட் தொடாத பாதையில் ரேஸ் இருந்தால் மௌனம்தான். ஓடிய வரியிலும் தப்பலாம். ஒரு கோருட்டீன் மாறியில் எழுதிவிட்டு லாக் பேக்கேஜால் ஒரு வரி அச்சிடுகிறது. இன்னொன்று அச்சிட்ட பிறகு அதே மாறியைப் படிக்கிறது என்று வையுங்கள். லாகருக்குள் இருக்கும் மியூட்டெக்ஸ் தற்செயலாக முன்-பின் உறவை உண்டாக்கிவிடும், டிடெக்டர் வாய் திறக்காது. வரிசை மாறி ஓடும் நாளில்தான் மாட்டும். டீபக் செய்யச் சேர்த்த அச்சு வரியே எச்சரிக்கையை மறைப்பது எரிச்சலான விஷயம். எனவே ஒரு தடவை ஓட்டிப் பச்சை காட்டியதும் நம்பிவிடாமல் -கவுன்ட்=100, -சிபியு=1,2,4 சேர்த்து ஓட்டுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, தர்க்கப் பிழை. பூட்டைப் பிடித்து இருப்புத் தொகையைப் படித்து, விட்டுவிட்டு, மறுபடி பிடித்துக் கழித்தால் டேட்டா ரேஸ் இல்லை. ஆனால் இருவர் ஒரே பணத்தை எடுத்துவிடலாம். டிடெக்டரின் பார்வையில் நிரல் சுத்தம். சரிபார்ப்பும் கழித்தலும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். டெட்லாக்கும் (ஒருவருக்கொருவர் காத்து உறைந்துபோவது) இதன் வேலையல்ல. எல்லாக் கோருட்டீன்களும் உறைந்தால் கோ ரன்டைமே சொல்லிவிடும். நான்கில் இரண்டு மட்டும் சிக்கிக்கொண்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு கோவின் ஆய்வுக் கருவியான பிப்ராஃபில் கோருட்டீன் பட்டியலை எடுத்து, ஒரே வரியில் குவிந்து நிற்பவர்களைத் தேடுங்கள்.

துணைக்கு கோ வெட் என்ற நிரல் சரிபார்ப்புக் கருவியும் தேவை. வெயிட்குரூப்பின் (கோருட்டீன்கள் முடியும்வரை காத்திருக்க உதவும் எண்ணி) ஆட் அழைப்பைக் கோருட்டீனுக்குள்ளேயே எழுதுவது புதியவர்களின் நிரந்தரப் பிழை; 1.25 பதிப்பிலிருந்து நிரலை ஓட்டாமலே வெட் இதைச் சுட்டும். அதே பதிப்பில் நிலைபெற்ற சின்க்டெஸ்ட் பேக்கேஜ், டைம்அவுட் டெஸ்ட்களுக்குப் பொய்க் கடிகாரம் தருகிறது. உள்ளே இருக்கும் எல்லாக் கோருட்டீன்களும் தடைபட்டு நின்றால்தான் நேரம் நகரும். மியூட்டெக்ஸுக்காகக் காத்திருப்பதையும் நெட்வொர்க்கில் காத்திருப்பதையும் அது தடையாகக் கணக்கில் எடுக்காது. எனவே நிஜ சாக்கெட்டுக்குப் பதில் நெட் பேக்கேஜின் பைப்பை (நினைவகத்துக்குள்ளேயே இயங்கும் போலி இணைப்பு) வைத்து டெஸ்ட் எழுதுங்கள்.